பட்டனும் எல்இடியும் சொன்னபடி கேட்காதபோது: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

மைக்ரோகன்ட்ரோலர் (நிரல் எழுதி ஓட்டக்கூடிய சின்னச் சிப்) பழக ஆரம்பிப்பவர்கள் முதலில் ஒரு எல்இடியை மின்ன வைப்பார்கள். அடுத்து ஒரு பட்டனால் அதை ஏற்றி அணைக்கப் பார்ப்பார்கள். வேலை சின்னதுதான். ஆனால் கணினியில் மட்டும் ஓடும் நிரலில் தப்பு என்றால் நிரலுக்குள் தேடினால் போதும். இங்கே யூஎஸ்பி கேபிள், சிப் இருக்கும் போர்டு, பாகங்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகையான பிரெட்போர்டு, ஒயர், ரெசிஸ்டர், நிரல் என்று எந்த இடத்தில் வேண்டுமானாலும் தப்பு இருக்கலாம். புதியவர்கள் தடுமாறுவது இதனால்தான். தப்பு ஒயரில் இருக்கும்; அவர்கள் மணிக்கணக்கில் நிரலைத் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

அதனால் கண்ணுக்குத் தெரிவதிலிருந்து தொடங்குவோம். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. எரியவே இல்லையா, மங்கலாக எரிகிறதா, தலைகீழாக எரிகிறதா, ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை மாறுகிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. அறிகுறியைச் சரியாகப் பார்த்துவிட்டால் தேட வேண்டிய இடம் தானாகச் சுருங்கிவிடும்.

கீழே சொல்வதற்கு ஆர்டுயினோ யூனோ என்ற போர்டை அடிப்படையாக வைத்துக்கொள்கிறேன். இஎஸ்பி32, பைக்கோ போன்ற வேறு போர்டுகளில் விஷயம் மாறும் இடங்களில் அதையும் சொல்கிறேன். கட்டளைகளின் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன்; நீங்கள் தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

எதையும் தொடும் முன் மூன்று சோதனைகள்

முதல் சோதனை: வெளியே எதையும் இணைக்காமல், ஆர்டுயினோ மென்பொருளோடு வரும் பிளிங்க் உதாரணத்தை அப்லோடு செய்யுங்கள். போர்டில் இருக்கும் குட்டி எல்இடி (யூனோவில் 13ஆம் பின்; பின் என்றால் போர்டில் எண்ணிட்ட இணைப்பு) மின்னினால் கேபிள், போர்ட் (கணினி போர்டோடு பேசும் வழி), டிரைவர், போர்டு எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம்.

இரண்டாவது: உங்கள் எல்இடியைப் பின்னிலிருந்து கழற்றி, ரெசிஸ்டர் வழியாக நேராக 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் (ஜிஎன்டி என்று குறித்த நெகட்டிவ் பக்கம்) இடையே இணையுங்கள். இதற்கு நிரலே தேவையில்லை. எரிந்தால் எல்இடி, ரெசிஸ்டர், செருகிய திசை மூன்றும் சரி.

மூன்றாவது: பட்டனை எடுத்துவிட்டு அது இருந்த இடத்தில் ஒரு ஒயரைக் கையால் தொட்டுத் தொட்டு எடுங்கள். பின்னைப் படிக்கும் டிஜிட்டல்ரீட் கட்டளை தரும் மதிப்பைச் சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்பும் எழுத்துகளைக் கணினியில் காட்டும் சாளரம்) அச்சிட்டுப் பாருங்கள். ஒயரைத் தொடும்போது 0, 1 சரியாக மாறுகிறது, பட்டனைப் போட்டால் மாறவில்லை என்றால் குற்றவாளி பட்டன்தான். ஒயருக்கும் மாறவில்லையா? அப்போது பின் எண்ணையோ, பின் உள்ளீடா வெளியீடா என்று சொல்லும் பின்மோட் கட்டளையையோ பாருங்கள்.

இந்த மூன்றும் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகாது. தப்பு வெளியீட்டுப் பக்கமா, உள்ளீட்டுப் பக்கமா, நிரலிலா என்று இவை பிரித்துக் காட்டிவிடும். அப்புறம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரெசிஸ்டரையும் மாற்றி நிரலையும் மாற்றியபின் எரிந்தால், எது சரி செய்தது என்று தெரியாது. அடுத்த தடவை அதே பிழை வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அப்லோடே ஆகவில்லை

போர்டின் பவர் விளக்கு எரிகிறது, ஆனால் மென்பொருளில் போர்ட்டே தெரியவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். போனை சார்ஜ் செய்ய மட்டும் ஆன கேபிள்களில் டேட்டாவுக்கான ஒயர்கள் இருக்காது. பவர் போகும், பேச்சு நடக்காது. டேட்டா போகும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கேபிளைத் தனியாக எடுத்து அடையாளம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேபிள் சரி, ஆனாலும் போர்ட் தெரியவில்லை என்றால் டிரைவர். விலை குறைந்த நகல் போர்டுகள் பலவற்றில் யூஎஸ்பி வேலைக்கு சிஎச்340 என்ற சிப் இருக்கும். சில கணினிகளில் அதற்கான டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். லினக்ஸில் போர்ட் தெரிந்தும் அனுமதி மறுக்கப்பட்டால், உங்கள் பயனர் கணக்கை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டு, ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள்.

போர்ட் தெரிகிறது, ஆனால் "நாட் இன் சிங்க்" என்று பிழை வருகிறது என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். மெனுவில் வேறு போர்டு தேர்வாகியிருக்கலாம். நானோ போர்டாக இருந்தால் மெனுவில் பழைய பூட்லோடர் (நிரலை வாங்கி எழுதும் உள்நிரல்) என்ற தேர்வை மாற்றிப் பாருங்கள். இது இரண்டும் இல்லை என்றால் 0, 1 பின்களில் ஏதாவது செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். யூனோவில் அந்த இரண்டு பின்களும் யூஎஸ்பி வழியாகக் கணினியோடு பேசும் பாதை. அங்கே பட்டனையோ எல்இடியையோ மாட்டினால் அப்லோடு குழம்பிவிடும். முடிந்தவரை அந்த இரண்டையும் காலியாகவே விட்டுவிடுங்கள்.

இஎஸ்பி32இல் "கனெக்டிங்" என்று புள்ளி புள்ளியாக ஓடிக்கொண்டே இருந்தால், போர்டில் உள்ள பூட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள்; எழுத ஆரம்பித்ததும் விட்டுவிடலாம். பைக்கோ கணினியில் தெரியவில்லை என்றால் பூட்செல் பட்டனை அழுத்தியபடியே கேபிளைச் செருகுங்கள், ஒரு டிரைவ் போலத் தோன்றும்.

எல்இடி எரியவே இல்லை

திசைதான் முதல் காரணம். நீளமான கால் பாசிட்டிவ், குட்டையான கால் நெகட்டிவ். கால்களை ஏற்கெனவே வெட்டிவிட்டீர்கள் என்றால் எல்இடியின் அடி விளிம்பைத் தடவிப் பாருங்கள். தட்டையாக இருக்கும் பக்கம் நெகட்டிவ். 5 வோல்ட்டில் ரெசிஸ்டரோடு திருப்பிச் செருகினால் பொதுவாக எல்இடிக்கு ஒன்றும் ஆகாது; பயப்படாமல் திருப்பிப் பாருங்கள்.

அடுத்தது பிரெட்போர்டு. நடுப் பள்ளத்துக்கு இரு பக்கமும் ஐந்து ஐந்து துளைகள் உள்ளுக்குள் இணைந்திருக்கும். எல்இடியின் இரண்டு கால்களும் அதே ஐந்துக்குள் விழுந்தால் மின்சாரம் எல்இடிக்குள் போகாமல் அடியில் உள்ள தகடு வழியாகவே போய்விடும். ஓரத்தில் நீளவாக்கில் ஓடும் பவர் வரிசையையும் கவனியுங்கள். நீளமான பிரெட்போர்டுகள் சிலவற்றில் அது நடுவில் அறுபட்டிருக்கும். ஓரத்துச் சிவப்புக் கோடும் நீலக் கோடும் நடுவில் விட்டுப்போயிருந்தால் அதற்கு அடையாளம் அதுதான். ஒரு பாதிக்கு மட்டும் கிரவுண்ட் கொடுத்துவிட்டு மறுபாதியில் எல்இடியை மாட்டியவர்கள் நிறைய நேரம் தேடுவார்கள். பழைய பிரெட்போர்டில் துளைகள் தளர்ந்தும் போயிருக்கும். ஒயரைத் தொட்டு அசைத்தால் விளக்கு வந்து போகிறது என்றால் வேறு வரிசைக்கு மாறிவிடுங்கள்.

மூன்றாவது பின் எண். நிரலில் உள்ள எண்ணும் ஒயர் போகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் மாட்டிக்கொள்வது எண்களில் இரண்டு வகை இருப்பதில்தான். பைக்கோவில் ஓரத்திலிருந்து எண்ணினால் 20ஆவதாக வரும் காலின் பெயர் ஜிபி15. நிரலில் எழுத வேண்டியது 15. நோட்எம்சியூ போர்டில் டி4 என்று அச்சிட்ட பின், சிப்பின் கணக்கில் ஜிபிஐஓ 2. போர்டின் பின் வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

போர்டிலேயே உள்ள எல்இடி எரியவில்லை என்றால், நிரலில் எண்ணுக்குப் பதில் எல்இடி_பில்டின் என்ற பெயரைப் பயன்படுத்துங்கள். பைக்கோவில் அந்த எல்இடி 25ஆம் பின்னில் இருக்கிறது. பைக்கோ டபிள்யூவில் அது வயர்லெஸ் சிப்போடு இணைந்திருப்பதால் 25 என்று எழுதினால் எரியாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எரியவில்லையே என்று ரெசிஸ்டரை எடுத்துவிட்டு நேராக இணைக்காதீர்கள். யூனோவின் ஒரு பின்னுக்கு 20 மில்லிஆம்பியர் வரை பாதுகாப்பு. 40 தாண்டக் கூடாத எல்லை. 220 ஓம் ரெசிஸ்டரோடு ஒரு சிவப்பு எல்இடி இழுப்பது ஏறக்குறைய 14 மில்லிஆம்பியர்: 5 வோல்ட்டில் எல்இடி எடுத்துக்கொள்ளும் 2 போக மீதி 3 வோல்ட், அதை 220ஆல் வகுத்தால் வருவது. ரெசிஸ்டர் இல்லையென்றால் எல்இடியோ பின்னோ கெட்டுப்போகலாம்.

எரிகிறது, ஆனால் மங்கலாக

எனக்குப் பிடித்த அறிகுறி இது, ஏனென்றால் காரணத்தை ஏறக்குறைய நேராகவே சொல்லிவிடும். மிக மங்கலாக, இருட்டில் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு எரிகிறதா? தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் ஓடும் செட்அப் பகுதியில் பின்மோட் கட்டளை விட்டுப்போயிருக்கும், அல்லது அதில் வேறு எண் இருக்கும். யூனோவில் எந்தப் பின்னும் தொடக்கத்தில் உள்ளீடாகத்தான் இருக்கும். உள்ளீடாக உள்ள பின்னுக்கு டிஜிட்டல்ரைட் மூலம் ஹை (அதாவது 1; லோ என்றால் 0) என்று எழுதினால், அது வெளியீடாக மாறாது. சிப்புக்குள் இருக்கும் புல்அப் ரெசிஸ்டர் (பின்னை 1 பக்கம் இழுத்து வைப்பது) மட்டும் இணையும். அதன் மதிப்பு 20 ஆயிரம் ஓமிலிருந்து 50 ஆயிரம் ஓம் வரை. அதன் வழியாக வருவது 0.1 மில்லிஆம்பியர் அளவுதான். இப்போதைய எல்இடிகள் அதற்கே கொஞ்சம் ஒளிரும். ஆகவே "ஒயரிங் சரி, நிரலும் ஓடுகிறது, ஆனால் மங்கல்" என்றால் முதலில் பின்மோட் வரியைப் பாருங்கள்.

அது சரியாக இருந்தால் ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகளைப் பாருங்கள். நான்கு கோடு உள்ள 220 ஓமில் சிவப்பு, சிவப்பு, பழுப்பு; 10 ஆயிரம் ஓமில் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் பழுப்பும் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரியும். மல்டிமீட்டர் இருந்தால் அளந்துவிடுங்கள், கண்ணை நம்ப வேண்டாம்.

நீலம், வெள்ளை எல்இடிகளுக்கு 3 வோல்ட்டுக்கு மேல் தேவைப்படும். 3.3 வோல்ட்டில் ஓடும் இஎஸ்பி32, பைக்கோ போர்டுகளில் அவை சிவப்பைவிட மங்கலாக இருப்பது இயல்பு. அதேபோல் சிவப்பையும் நீலத்தையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரே ரெசிஸ்டரில் இணைத்தால் சிவப்பு மட்டும் எரியும். குறைந்த வோல்ட்டேஜில் எரியும் எல்இடி மொத்த மின்சாரத்தையும் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர் போடுங்கள்.

தலைகீழாக நடக்கிறது: அழுத்தினால் அணைகிறது, விட்டால் எரிகிறது

இது பெரும்பாலும் பிழையே இல்லை. புல்அப் முறையில் இணைத்த பட்டன் சும்மா இருக்கும்போது 1, அழுத்தும்போது 0 என்று படிக்கும். நிரலில் ஹை என்று எழுதிய இடத்தில் லோ என்று மாற்றுங்கள். என் கருத்து, நிரலின் தொடக்கத்திலேயே "அழுத்திய நிலை" என்று ஒரு பெயர் வைத்து அதற்கு லோ என்று கொடுத்துவிடுவது நல்லது. பிறகு நிரல் முழுக்க அந்தப் பெயரையே பயன்படுத்தினால் குழப்பம் வராது.

எல்இடியிலும் தலைகீழ் உண்டு. பல இஎஸ்பி8266 போர்டுகளில் உள்ள எல்இடி, லோ கொடுத்தால் எரியும். மூவண்ண எல்இடியில் பொதுக் கால் பாசிட்டிவாக இருக்கும் வகையிலும் அப்படித்தான். அங்கே வெளிச்சத்தின் அளவாக 255 கொடுத்தால் முழுக்க அணைவு, 0 கொடுத்தால் முழு வெளிச்சம்.

பட்டனைத் தொடாமலே விளக்கு தானாக மின்னுகிறது

கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே விளக்கு துடிக்கிறது, ஒயரைத் தொட்டால் பைத்தியம் பிடித்ததுபோல் மாறுகிறது, மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடுகிறது. இதையெல்லாம் பார்த்தவர்கள் போர்டு கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. பின் மிதக்கிறது, அவ்வளவுதான்.

பட்டன் அழுத்தப்படாதபோது அந்தப் பின் எதனோடும் இணைந்திருக்காது. உள்ளீட்டுப் பின் மிக மிகக் குறைந்த மின்சாரத்துக்கே அசையக்கூடியது. எதனோடும் இணையாத ஒயர் சுற்றியுள்ள மின் இரைச்சலை எல்லாம் பிடித்துக்கொள்ளும். சுவரில் ஓடும் மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அலையை உங்கள் உடம்பே கடத்திக் கொடுக்கும். ஆகவே 0, 1 என்று அது மாறி மாறிப் படிப்பது நியாயமே. அழுத்தாதபோது நீ இந்த நிலையில் இரு என்று அந்தப் பின்னுக்கு யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்வதுதான் புல்அப், புல்டவுன் ரெசிஸ்டர்களின் வேலை.

எளிய வழி: பட்டனின் ஒரு கால் பின்னுக்கு, மறுகால் கிரவுண்டுக்கு. பின்மோடில் இன்புட்_புல்அப் என்று எழுதுங்கள். வெளியே ரெசிஸ்டர் எதுவும் வேண்டாம். புதியவர்களுக்கு நான் இந்த ஒரு முறையை மட்டும்தான் பரிந்துரைப்பேன். ஒயர் குறைவு, தப்பு செய்ய இடமும் குறைவு.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பட்டனின் மறுகாலை 5 வோல்ட்டுக்குக் கொண்டுபோகும் படமும் நிறைய இடங்களில் இருக்கிறது. அது 10 ஆயிரம் ஓம் புல்டவுனோடு போகும் முறை. படத்தை ஒரு இடத்திலும் நிரலை இன்னொரு இடத்திலும் எடுத்து ஒட்டினால், பட்டன் 5 வோல்ட்டுக்குப் போகும், நிரலில் இன்புட்_புல்அப் இருக்கும், அழுத்தினாலும் விட்டாலும் 1 மட்டுமே வரும். எப்போதும் 1 என்று வந்தால் இதைச் சோதியுங்கள்.

இஎஸ்பி32இல் 34 முதல் 39 வரையிலான பின்கள் உள்ளீட்டுக்கு மட்டும் ஆனவை. அவற்றில் உள்ளே புல்அப்பே கிடையாது. நிரலில் இன்புட்_புல்அப் என்று எழுதியும் மிதந்தால் வேறு பின்னுக்கு மாறுங்கள், அல்லது வெளியே 10 ஆயிரம் ஓம் ஒன்றைப் போடுங்கள். அதோடு, 3.3 வோல்ட் போர்டுகளின் பின்னுக்கு 5 வோல்ட்டைக் கொடுக்காதீர்கள், சிப் கெட்டுவிடும்.

பட்டன் எப்போதும் அழுத்தியபடியே இருக்கிறது

நான்கு கால் பட்டனில் கால்கள் இரண்டு இரண்டாக உள்ளுக்குள் இணைந்திருக்கும். தவறான ஜோடியை எடுத்தால் அழுத்தாமலே இணைப்பு இருக்கும். 90 பாகை திருப்பி மாட்டினாலும் இதேதான் நடக்கும். பட்டனை நடுப் பள்ளத்தின் மேல் அமர்த்தி, ஒயர்களை எதிரெதிர் மூலைக் கால்களில் மாட்டுங்கள். மூலைவிட்டமாக எடுத்தால் எந்தப் பக்கம் திருப்பினாலும் சரியாக வரும்.

சீரியல் மானிட்டரில் மதிப்பு சரியாக மாறுகிறது, விளக்கு மட்டும் எப்போதும் எரிகிறது என்றால் நிரலின் இஃப் வரியைப் பாருங்கள். ஒப்பிட இரண்டு சமக்குறி (==) வேண்டும்; ஒன்றை மட்டும் போட்டால் அது மதிப்பை மாற்றிவிடும். ஹை என்று வைத்தால் நிபந்தனை எப்போதும் உண்மை, லோ என்று வைத்தால் எப்போதும் பொய். இஃப்பின் அடைப்புக்குறிக்குப் பின்னால் அரைப்புள்ளி ஒன்று விழுந்திருந்தாலும் இதே கதை: நிபந்தனை அங்கேயே முடிந்துவிடும், அடுத்து வரும் வரிகள் எப்போதும் ஓடும். இரண்டுமே இலக்கணப்படி சரியான நிரல் என்பதால் கம்பைலர் பிழை என்று நிறுத்தாது.

பட்டனை அழுத்தினால் போர்டே அணைந்துவிடுகிறது

உடனே கேபிளைக் கழற்றுங்கள். 5 வோல்ட்டும் கிரவுண்டும் பட்டன் வழியாக நேராக இணைகின்றன, ஷார்ட். புல்டவுன் ரெசிஸ்டர் போக வேண்டிய இடத்தில் வெறும் ஒயர் போயிருக்கும். யூனோவில் யூஎஸ்பி வழியில் 500 மில்லிஆம்பியருக்கு ஒரு பாதுகாப்பு ஃபியூஸ் இருக்கிறது, ஆறியதும் தானே பழைய நிலைக்கு வரும். எல்லாப் போர்டிலும் அது இருக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

ஒரு தடவை அழுத்தினால் ஏற வேண்டும், மறு தடவை அணைய வேண்டும், ஆனால் நடப்பது வேறு

அதிகம் பேர் சிக்கும் இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரே குறைபோலத் தோன்றினாலும் உள்ளே மூன்று தனித்தனிப் பிழைகள் இருக்கின்றன. பிரித்தறிய பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு எல்இடியைப் பாருங்கள்.

பிடித்திருக்கும் வரை விளக்கு பாதி வெளிச்சத்தில் எரிகிறது, விட்டதும் எரிந்தோ அணைந்தோ எப்படி வேண்டுமானாலும் நிற்கிறது என்றால், நிரல் நிலையைப் பார்க்கிறது, மாற்றத்தைப் பார்க்கவில்லை. நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் லூப் பகுதி ஒரு நொடிக்குப் பல்லாயிரம் தடவை சுற்றும். "அழுத்தியிருந்தால் விளக்கைத் திருப்பு" என்று எழுதினால், உங்கள் விரல் பட்டனில் இருக்கும் கால் நொடிக்குள் விளக்கு ஆயிரக்கணக்கான தடவை திரும்பும். கண்ணுக்கு அது பாதி வெளிச்சமாகத் தெரியும். முந்தைய சுற்றில் அழுத்தவில்லை, இந்தச் சுற்றில் அழுத்தியிருக்கிறது என்ற அந்த ஒரு கணத்தில் மட்டும் திருப்ப வேண்டும். அதற்கு முந்தைய வாசிப்பை நினைவில் வைக்க ஒரு மாறி தேவை. அந்த மாறியை லூப்புக்கு வெளியே அறிவியுங்கள். உள்ளே அறிவித்தால் ஒவ்வொரு சுற்றிலும் அது புதிதாகப் பிறக்கும், பழையது எதுவும் நினைவில் இருக்காது.

பிடித்திருக்கும்போது விளக்கு அசையாமல் நிற்கிறது, ஆனால் அழுத்தும்போது சில சமயம் மாறுகிறது, சில சமயம் மாறாததுபோல் இருக்கிறது என்றால், அது பட்டனின் துள்ளல். பட்டனுக்குள் இருக்கும் உலோகத் தகடு ஒரே தொடலில் போய் ஒட்டாது. சில மில்லிநொடிகளுக்குத் தொட்டுத் தொட்டு விலகி அப்புறம்தான் நிலைக்கும். நமக்குத் தெரியாத அந்த அதிர்வைச் சிப் ஒன்றுவிடாமல் எண்ணும். இரண்டு தடவை திரும்பினால் விளக்கு பழைய நிலைக்கே வந்துவிடும். அதனால் அழுத்தியது கேட்கவில்லை என்று தோன்றுகிறது. உண்மையில் அது இரண்டு தடவை கேட்டிருக்கிறது. சந்தேகமாக இருந்தால் விளக்கைத் திருப்பும் இடத்தில் ஒரு எண்ணியை வைத்துச் சீரியலில் அச்சிடுங்கள். ஒரு அழுத்துக்கு எண் இரண்டோ மூன்றோ கூடினால் துள்ளல் உறுதி.

தீர்வு: மதிப்பு மாறியதும் நம்பாமல், அது 20, 30 மில்லிநொடி அசையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்புவது. தமிழிலேயே எழுதினால் இப்படி இருக்கும் (மில்லிஸ் என்பது போர்டு தொடங்கியதிலிருந்து ஆன மில்லிநொடிகளைச் சொல்லும் கட்டளை):

ஒவ்வொரு சுற்றிலும்:
வாசிப்பு = டிஜிட்டல்ரீட்(பட்டன்)
வாசிப்பும் கடைசி வாசிப்பும் வேறு என்றால், மாறிய நேரம் = மில்லிஸ்()
மில்லிஸ்() − மாறிய நேரம் 30ஐத் தாண்டிவிட்டது, வாசிப்பும் உறுதி நிலையும் வேறு என்றால்:
— உறுதி நிலை = வாசிப்பு
— உறுதி நிலை லோ என்றால் விளக்கைத் திருப்பு
கடைசி வாசிப்பு = வாசிப்பு

துள்ளல் இருக்கும் வரை மாறிய நேரம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும், 30 மில்லிநொடி கடக்காது. அமைதியானபின்தான் உறுதி நிலை மாறும். விட்டுவிடும்போது வரும் துள்ளலையும் இதுவே பார்த்துக்கொள்ளும். இதைச் செய்துதரும் லைப்ரரிகள் இருக்கின்றன. ஆனாலும் ஒருமுறை நீங்களே கையால் எழுதிப் பாருங்கள் என்பேன். நிலை, மாற்றம், நேரம் மூன்றையும் ஒரே இடத்தில் கற்றுக்கொடுக்கும் ஆறு வரிகள் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

மூன்றாவது வகை: லேசாகத் தட்டினால் ஒன்றும் நடக்கவில்லை, ஒரு நொடி பிடித்திருந்தால்தான் கேட்கிறது. இது நிரலைக் காத்திருக்க வைக்கும் டிலே கட்டளையின் வேலை. அதற்குத் தனியாகவே இடம் வேண்டும்.

ஒரு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்போது பட்டன் கேட்கவில்லை

டிலே(1000) என்று எழுதினால் சிப் அந்த ஒரு நொடி முழுக்க அந்த வரியிலேயே நிற்கும். பட்டனைப் படிக்கும் வரிக்கு வராது. ஒரு நொடி எரிந்து ஒரு நொடி அணையும் நிரலில், இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் பட்டன் படிக்கப்படும். சட்டென்று தட்டினால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதற்கு வழி மில்லிஸ். போர்டு தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லிநொடி ஆனது என்று அது சொல்லும். விளக்கு கடைசியாக மாறிய நேரத்தைக் குறித்துவைத்து, ஒவ்வொரு சுற்றிலும் "ஒரு நொடி ஆகிவிட்டதா?" என்று கேளுங்கள். ஆகவில்லை என்றால் நிற்காமல் பட்டனைப் பார்க்கப் போங்கள்.

இங்கே ஒரு விசித்திரமான அறிகுறி வரும். விளக்கு அழகாக மின்னிக்கொண்டிருக்கும். சரியாக அரை நிமிடம் தாண்டியதும் மின்னுவதை நிறுத்திவிட்டுப் பாதி வெளிச்சத்தில் நின்றுவிடும். நேரத்தைக் குறித்துவைக்கும் மாறியை இன்ட் (முழு எண் வகை) என்று அறிவித்திருப்பீர்கள். யூனோவில் இன்ட் 32,767 வரைதான் போகும், அதாவது 32.767 நொடி. அதைத் தாண்டினால் மதிப்பு எதிர்மறைக்குப் போய், கழித்து வரும் விடை எப்போதும் பெரியதாகவே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் விளக்கு திரும்பும். அன்சைன்டு லாங் (எதிர்மறை இல்லாத பெரிய முழு எண் வகை) என்று மாற்றினால் சரி. இஎஸ்பி32இல் இன்ட்டின் அளவு பெரிது, அதனால் இதே நிரல் அங்கே நன்றாக ஓடும். யூனோவுக்குக் கொண்டுவந்ததும் கெடும்.

மில்லிஸ் ஏறக்குறைய 49.7 நாளுக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும். "இப்போது − அப்போது" என்று கழித்து ஒப்பிட்டால் அப்போதும் கணக்கு தப்பாது. "இப்போது > அப்போது + 1000" என்று கூட்டி எழுதினால்தான் தப்பும்.

மெல்ல மெல்ல ஏற வேண்டிய வெளிச்சம் சட்டென்று ஏறி இறங்குகிறது

வெளிச்சத்தை 0 முதல் 255 வரை கூட்டிக் குறைக்கும் அனலாக்ரைட் கட்டளை எல்லாப் பின்னிலும் வேலை செய்யாது. யூனோவில் 3, 5, 6, 9, 10, 11 மட்டும்தான். போர்டில் அந்த எண்களுக்குப் பக்கத்தில் ஒரு அலைக்குறி அச்சிட்டிருக்கும். மற்றப் பின்களில் 128க்குக் கீழே கொடுத்தால் அணைந்திருக்கும், 128இலிருந்து மேலே எரியும். சரியான பின்னில் மாட்டியும் இப்படி ஆகிறதா? சர்வோ மோட்டாரை இயக்கும் லைப்ரரி இருந்தால் 9, 10இலும், ஒலி எழுப்பும் டோன் கட்டளை ஓடினால் 3, 11இலும் வெளிச்சக் கட்டுப்பாடு பாதிக்கப்படும். வேறு பின்னுக்கு மாற்றுங்கள்.

சீரியல் மானிட்டரில் புரியாத எழுத்துகள் வருகின்றன

வேகம் பொருந்தவில்லை. நிரலில் 9600 என்றால் மானிட்டரிலும் 9600, 115200 என்றால் அங்கேயும் அதுவே.

விளக்குகள் கூடக் கூடப் போர்டு திரும்பத் திரும்பத் தொடங்குகிறது

ஒவ்வொரு விளக்கும் தனியாக நன்றாக எரிந்து, எல்லாம் சேர்ந்து எரியும்போது மட்டும் நிரல் முதலிலிருந்து ஓடினால் மின்சாரம் போதவில்லை. யூனோவின் சிப் மொத்தமாகத் தாங்குவது 200 மில்லிஆம்பியர். சாதாரண எல்இடிகள் பத்துவரை ஆளுக்கு 14 வீதம் பிரச்சினை இல்லை. வண்ணம் மாறும் டபிள்யூஎஸ்2812 பட்டைகளில்தான் கணக்கு எகிறும். முழு வெள்ளையில் ஒரு எல்இடிக்கு 60 மில்லிஆம்பியர் வரை போகும். 30 எல்இடி என்றால் 1.8 ஆம்பியர். அதைப் போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்து எடுக்காதீர்கள், தனி அடாப்டர் வைத்துக்கொள்ளுங்கள். அடாப்டரின் கிரவுண்டையும் போர்டின் கிரவுண்டையும் கட்டாயம் இணையுங்கள். அதை விட்டால் பட்டை கண்டபடி நிறம் மாறும். பட்டையில் அம்புக்குறி காட்டும் திசையில் டேட்டா போகிறதா என்றும் பாருங்கள், மறுமுனையில் கொடுத்தால் ஒன்றும் எரியாது. சிவப்பு கேட்டால் பச்சை வருகிறது என்றால் லைப்ரரியில் நிற வரிசையை மாற்ற வேண்டும். இந்தப் பட்டைகளில் பச்சைதான் முதலில் வரும்.

எல்லாம் பார்த்தாயிற்று, ஒரு பின் மட்டும் கேட்கவில்லை

அந்தப் பின்னில் உள்ள எல்லாவற்றையும் கழற்றுங்கள். அதை வெளியீடாக்கி ஹை, லோ என்று இரண்டு நொடிக்கு ஒருமுறை மாற்றும் சின்ன நிரல் ஒன்றைப் போடுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டிலும் சிவப்பை அந்தப் பின்னிலும் வையுங்கள். 5 வோல்ட்டும் 0 வோல்ட்டும் மாறி மாறி வந்தால் பின் நன்றாக இருக்கிறது, மறுபடி ஒயரிங்கைப் பாருங்கள். மாறாமல் 0இலேயோ இடையில் ஏதோ ஒரு மதிப்பிலேயோ நிற்க, பக்கத்துப் பின்னில் அதே நிரல் சரியாக மாறினால், அந்தப் பின் போய்விட்டது. மற்றப் பின்கள் ஒவ்வொன்றையும் இதே முறையில் ஒருமுறை சோதித்துவிட்டு, போனதன் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டுங்கள். நிரலில் எண்ணை மாற்றிவிட்டுப் போர்டைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.